காரணம்: அவசரம்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் ஆறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யாருக்கு எத்தனை நாள் லீவு என்பதை எழுதுவது என் வேலை. அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு முறை, இன்னொருவருக்கு வந்த தந்தியை இரண்டு நாள் என் மேசை டிராயருக்குள் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் அவர் தன் தாயை உயிரோடு பார்க்கிற பாக்கியத்தை இழந்தார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அப்போது என் புத்தி முழுக்க ஒரு வார்த்தையின் மேல் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பது தெரியாது.

லீவுப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'காரணம்'. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவரிடம் என்ன காரணம் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் "அவ்சரம் சார்" என்பார்கள். அதற்கு மேல் துருவினால் முறைப்பார்கள். நானும் அப்படியே எழுதிவிடுவேன். ஒரு பக்கத்தைப் புரட்டினால் மேலிருந்து கீழே வரை அவசரம், அவசரம் என்று இறங்கிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்கும்.

எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள். அவர்களும் அவசரம் என்றுதான் சொல்வார்கள். நான் பதறியடித்துக்கொண்டு பேனாவை எடுப்பேன். சொன்னவரோ சாவகாசமாக ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் வேடிக்கை பார்ப்பார். இது என்ன கூத்து என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. கடைசியில் விளக்கியது பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன் ஒருவர். ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பட்டணத்துக்கு வந்து பத்து வருஷமாகிவிட்டதால் எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

"இன்னா சார் நீ, இது தெர்ல? எங்க பாஷைல அவசரம்னா வேணும்னு அர்த்தம். உப்பு அவசரம், துட்டு அவசரம், பொண்டாட்டி அவசரம். அதுக்காக ஓடிகினே இருப்பாங்களா?"

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. நான் ஹிந்திப் பரீட்சை இரண்டு எழுதியிருந்தேன். அதில் 'அவ்சர்' என்றால் வாய்ப்பு என்று படித்தது ஞாபகம் வந்தது. பக்கத்து மேசையில் டைப் அடிக்கிற பாலக்காட்டுக்காரர், தங்களுக்கும் அப்படித்தான் என்றார். "ஒரு அவசரம் தரணே" என்று அவர் மேலதிகாரியிடம் கேட்டால் தனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்று பொருளாம். வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த கன்னடக்காரரை விசாரித்தேன். அவர்களுக்கு நம்மைப் போலவே பதற்றம்தானாம். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

உச்சம், எங்கள் என்ஜினீயர் சொன்னது. லீவுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான், வங்காளி. ஆறடி உயரம், எப்போதும் மூக்கின் நுனியில் கண்ணாடி. பதிவேட்டில் நான் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். அவர்கள் மொழியில் 'ஒபொஷர்' என்றால் ஓய்வு, வேலையில்லாத நேரம். உத்தியோகத்தை விட்டு நிரந்தரமாக வீட்டில் உட்காருவதற்கும் அதே சொல்தானாம். "உன் ஆட்கள் அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டார்.

இதையெல்லாம் ஒரு பழைய நோட்டில் குறித்துவைத்தேன். இடப்பக்கம் மொழி, வலப்பக்கம் பொருள். டிராயரில் என் ரப்பர் முத்திரைகளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். யாருக்கும் பிரயோஜனமில்லாத வேலை என்பது தெரியும், இருந்தாலும் சம்பளப் பட்டியலைவிட அழகாக எழுதியிருந்தேன்.

இனி தந்தி. எங்கள் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு லீவு கிடையாது, திருவிழாவுக்கு லீவு கிடையாது. சாவுக்கு உண்டு, சாகக் கிடக்கிறார்கள் என்றால் உண்டு, அதற்கும் தந்தி வேண்டும். ஆகவே ஊருக்குப் போக ஆசைப்பட்டவர்கள் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போட்டு இன்ன தேதியில் தந்தி அடி என்று சொல்லிவைப்பார்கள். வாசகம் எல்லாருக்கும் ஒன்றுதான்: மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. தொழிலாளர்களின் தந்தி எல்லாம் தொழிற்சாலை விலாசத்துக்கு வரும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்து, ஆளைக் கூப்பிட்டுக் கொடுத்து, லீவுத் தாளோடு குத்தி என்ஜினீயரிடம் அனுப்புவேன். பொங்கலுக்கு முன்னால் வாரம் முழுக்கத் தாய்மார்கள் படுக்கையில் விழுவார்கள், காணும் பொங்கலுக்குள் எழுந்துவிடுவார்கள் என்று என்ஜினீயர் கேலி செய்வார். பொய் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தந்தி கொண்டுவருகிற பியூனுக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம்.

ஒரு நாள் பயர்மேன் ஜன்னலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல அம்மவாரு ஜாத்திரை கீது சார், அடுத்த மாசம். மூணு வருசமா போவல. வழியப் பாத்துப் பாத்து அம்மாவுக்குக் கண்ணு பூத்துப்போச்சுன்னு லெட்டர் வந்துக்கீது. நான்தான் கடைக்குட்டி. எப்டியாவது போயாவணும்."

அம்மன் திருவிழாவான அந்த ஜாத்திரை வெள்ளிக்கிழமை. மெயில் ரயிலில் போய் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் நடந்து என்று ஒன்றரை நாளுக்குக் குறையாத பயணம். நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை தந்தி வந்தால் செவ்வாய் முதல் லீவு. செவ்வாய் மாலை மெயிலைப் பிடித்தால் வியாழன் காலை ஊரில் இருக்கலாம். அவர் தன் அக்கா புருஷனுக்கு யாரையோ கொண்டு அப்படியே எழுதிப்போட்டார். திங்கட்கிழமை என்பதை இரண்டு முறை எழுதச் சொன்னதாகச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்தினத்துக்கு முன்தினம், சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. பிரித்தேன். மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் முந்திக்கொண்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்று இதைக் கொடுத்தால் லீவு இன்றே ஓட ஆரம்பிக்கும், ஜாத்திரைக்கு முன்பே தீர்ந்துவிடும். பாவம், மூன்று வருஷம் கழித்துப் போகிற மனிதர். நாம்தான் பார்த்துச் செய்யவேண்டும் என்று டிராயரைத் திறந்து உள்ளே வைத்தேன். பயர்மேன் இரவு ஷிப்ட் முடித்துக் காலையிலேயே போயிருந்தார். மறுபடி திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குத்தான் வேலை. அவர் குடிசை எர்ணாவூரில், கேட்டிலிருந்து அரை மணி நடை. வாட்ச்மேனிடம் சொன்னால் யாரையாவது அனுப்பியிருப்பார். எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், நான் ஓர் உபகாரம் செய்துகொண்டிருந்தேன், அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு எதிரே இருந்த கடைக்கு டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், யுத்தத்துக்கு முன் கொழும்பில் கடை வைத்திருந்தவர். பேச்சுவாக்கில் என் நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அட, சிங்களத்துல அது வேறல்லா!" என்றார். "அவசர தென்னன்னா, அனுமதி குடுங்கன்னு அர்த்தம் தம்பி. பிக்குமாருகிட்ட வாயத் தொறக்கதுக்கு முன்னால 'அவசரய்'னு சொல்லிட்டுத்தான் பேசணும். அங்க நான் தமிழ்ல அவசரம் அவசரம்னு கத்த, அவன் எனக்கு அனுமதி தந்துட்டுச் சும்மா நிப்பான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதற்றம், தேவை, வாய்ப்பு, ஓய்வு, இப்போது அனுமதி. ஒரு லீவுத் தாளுக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது! பாதி டீயை வைத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். டிராயரைத் திறந்தேன். நோட்டின் மேல் தந்தி கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்து, சிங்களம் என்று எழுதி எதிரே அனுமதி என்று எழுதினேன். மை காய்கிற வரை ஊதினேன். பிறகு நோட்டை உள்ளே வைத்து, தந்தியை அதன் மேல் வைத்து, டிராயரைப் பூட்டிவிட்டு ரயில் ஏறி ராயபுரத்துக்கு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் பயர்மேன் வந்தார். "வந்துடுச்சு" என்று கண்ணடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. என்ஜினீயர் கையெழுத்துப் போட்டார். தந்தியின் மேல் இருந்த தேதியை அவர் பார்க்கவில்லை, அதைப் பார்ப்பது அவர் வேலையுமல்ல. வேலை முடிந்ததும் தந்தியைப் பயர்மேன் கேட்டு வாங்கிக்கொண்டார். மச்சானிடம் காட்டிச் சிரிக்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலை வண்ணாரப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி அம்மாவுக்கு ஒரு நூல் புடவை எடுத்தார் என்பதும், மாலை மெயிலில் போனார் என்பதும் பிறகு தெரிந்தது.

ஆறு நாள் லீவில் போனவர் மூன்றாவது வாரம்தான் திரும்பினார். ஜன்னலில் மொட்டைத் தலை தெரிந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"என்ன, அம்மவாருக்கு வேண்டுதலா? மீசையையும் சேர்த்துக் குடுத்துட்டீங்க?" என்றேன். இதைக் கேட்ட வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"அம்மா போச்சு சார்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். வியாழக்கிழமை புடவைப் பொட்டலத்தோடு போய் இறங்கியிருக்கிறார். வாசலில் அவரை யாரும் வா என்று சொல்லவில்லை. அம்மா திங்கட்கிழமை மத்தியானம் இறந்திருந்தாள். செவ்வாய் மத்தியானம் வரை போட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியது கடைசி மகன். வரவில்லை என்றதும் பெரிய அண்ணன் வைத்துவிட்டார்.

"கடசி வரைக்கும் நெனப்பு இருந்துச்சாம் சார். சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு கேட்டுகினே இருந்துச்சாம். சனிக்கெழமயே தந்தி அட்ச்சேன், நீ புதுப் பொடவ வாங்கிகினு ஜாலியா வர்றியான்னு அண்ணன் கேக்குறாரு. ஊரே கேக்குது. எனக்குத் திங்கக்கெழமதான் வந்துச்சுன்னு தலையில அட்ச்சு சொன்னேன். ஒருத்தரும் நம்பல."

மடியிலிருந்து அந்தத் தந்தியை எடுத்தார். நாலாக மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்திருந்தது.

"இதுல தேதி போட்டுக்கீதாமே. ஊர்ல யாராண்டயும் காட்டல, வெக்கமா இருந்துச்சு. நீங்க பாத்து சொல்லுங்க சார். திங்கக்கெழமதான் வந்துச்சுன்னு நம்ம ஆபீஸ் பேப்பர்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா, அண்ணன் மூஞ்சில காட்டிடுவேன்."

தேதியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். தந்தி ஆபீஸின் முட்டை வடிவ முத்திரை, சனிக்கிழமைத் தேதி, தெளிவாக இருந்தது. அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சனிக்கிழமை இதை அவர் கையில் கொடுத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்துகொண்டிருப்பார். மச்சானிடம் சொன்ன நாள் திங்கள். சனிக்கிழமை வருகிற தந்தி மச்சானுடையதல்ல, அது நிஜம். அன்று மாலையே மெயில் ஏறியிருப்பார், திங்கட்கிழமை காலை அம்மாவின் தலைமாட்டில் இருந்திருப்பார். பொய்த் தந்திக்கும் நிஜத் தந்திக்கும் வாசகத்தில் வித்தியாசம் இல்லாத ஊரில், நாள் ஒன்றுதான் அடையாளம். அந்த அடையாளத்தை நான் டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

பியூன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிரே நிற்கிறவருக்குப் படிக்கத் தெரியாது, முத்திரை எனக்கும் தபால் இலாகாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"சனிக்கிழமையே வந்துடுச்சுங்க" என்றேன். "நான்தான் வெச்சிருந்தேன். உங்க மச்சான் அவசரப்பட்டு முன்னாடியே அனுப்பிட்டார்னு நெனச்சேன். ஜாத்திரைக்கு லீவு பத்தாதேன்னு..."

பயமாக இருந்தது. வருஷக்கணக்காகக் கரி அள்ளிய கைகள் ஜன்னல் கட்டை மேல் இருந்தன. அவர் என்னை அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன் என்று இப்போது சுலபமாக எழுதுகிறேன், அப்போது ஓர் அடி பின்னால் நகர்ந்துதான் நின்றேன்.

அவர் கத்தவில்லை. கையை நீட்டித் தந்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு நாளு எங்க இருந்துச்சு?" என்றார்.

டிராயரை இழுத்துக் காட்டினேன். முத்திரைகள், மைப்பெட்டி, குண்டூசி டப்பா, என் நோட்டு. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டார்.

"உண்மையை அப்படியே எழுதித் தரேன்" என்றேன். "நான்தான் பிடிச்சு வெச்சேன்னு கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுத் தரேன். உங்க மேல தப்பில்லைன்னு அண்ணனுக்குத் தெரியட்டும். என் வேலை போனாலும் பரவாயில்ல."

வேலை போனாலும் பரவாயில்லை என்றது மெய்தான். அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

"வாணாம் சார்" என்றார் சட்டென்று. "இன்னாத்துக்கு புட்ச்சு வெச்சாருன்னு அண்ணன் கேக்கும். அப்பால நான் சொல்லணும், ஜாத்திரைக்கு லீவு வாங்க அம்மாவுக்கு சீரியஸ்னு பொய் தந்தி அடிக்க சொன்னேன்னு. நல்லா நடமாடிகினு இருந்த அம்மாவ. நான் வாயால சொல்லித்தான் அம்மா போச்சும்பாங்க. மச்சான் அந்தத் தந்திய அடிக்கவே இல்ல, வாயும் தொறக்கல, அவனும் பயந்துபோய்க்கீறான். கடைத் தெருவுல சுத்திகினு இருந்தான்னு சொல்றாங்கல்ல, அதுவே தேவல. பியூன் லேட்டா எட்த்தாந்தான்னு எழுதுங்க."

"அது பொய்யாச்சே."

"எழுதுங்க சார்."

எழுதினேன். தந்தி கொண்டுவரும் சேவகரின் கவனக்குறைவால் இரண்டு நாள் தாமதமாகித் திங்கட்கிழமைதான் கிடைத்தது என்று, ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொல்லும்படியாக நல்ல இங்கிலீஷில், தொழிற்சாலைத் தாளில் எழுதினேன். முத்திரை குத்தினேன். எந்தத் தப்பும் செய்யாத ஒரு சைக்கிள்காரர் தலையில் அதைக் கட்டினேன். அவர் மறுநாளும் எனக்குத் தந்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பயர்மேன் கடிதத்தை வாங்கி, தந்தியோடு சேர்த்து மடித்து மடியில் செருகிக்கொண்டார். போகவில்லை. ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது போல நின்றார்.

"அக்காவுக்கு சீரியஸ்னு அடிக்க சொல்லி இருக்கலாம் சார்" என்றார். "இல்லாங்காட்டி மாமனாருக்குன்னாவது சொல்லி இருக்கலாம். மாமனாரு செத்து நாலு வருசம் ஆச்சு, ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு அப்டிதான் தோணுச்சு மொதல்ல."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அம்மான்னாதான் ஆறு நாளு, மத்தவங்கன்னா மூணு நாளுதான், அதனால அம்மான்னே எழுதச் சொல்லுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. தனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். "நான்தான் சொன்னேன்."